தவிட்டரிசியும் கம்பெனிக் காற்றும்

தவிடு நீங்காத அரிசி வேகும்போது எழும் மணம், மழையில் நனைந்த கோணிப்பையின் மணத்துக்கும் வறுத்த வேர்க்கடலையின் மணத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதோடு கேரட்டும் பீன்ஸும் நூக்கலும் ஒரு பிடி கொத்தமல்லியும் சேர்ந்து குக்கரின் ஆவியோடு வெளியே வரும்போது, பசி இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களும் ஒருமுறை அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஐப்பசி மாதத்தில் அந்த மணம் எங்கள் வீட்டுக்குள் முதல்முறையாக வந்தது. அடுத்த ஆண்டு அதே அரிசியிலிருந்து வந்த வேறொரு வாடையும் எனக்கு நினைவிருக்கிறது. ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் தவிட்டரிசியின் சத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நான் மெல்ல எழுந்து போய்விடுவது வழக்கம்.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஒரே கூரையை நீளமாகப் போட்டுத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்த "லைன் ஊடு" ஒன்றில் குடியிருந்தோம். நைனா முனிரத்தினம் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; ஆந்திரா எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதால் வந்த பழக்கம் அது. அம்மா கன்னியம்மா சோப்புத்தூள் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை செய்தாள். நாள் முழுக்க அந்தத் தூளுக்குள்ளேயே நின்று நின்று அவள் மூக்கு மரத்துப்போயிருந்தது. பால் திரிந்ததா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சொல்வாள். வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதான்.

எங்கள் தெருவில் கெட்ட வாடை எதுவானாலும் அதற்கு ஒரே ஒரு சொந்தக்காரன்தான் உண்டு, அது கம்பெனி. காற்று ஒரு பக்கமாக அடித்தால் அழுகின முட்டை வாடை வரும், இன்னொரு பக்கமாக அடித்தால் ரப்பர் எரிகிற வாடை வரும், மழைக்கு முன்னால் இரண்டும் சேர்ந்து வரும். "காத்து திரும்பிக்கிச்சி" என்று யாராவது ஒருவர் சொல்வார்கள், உடனே வரிசையாகக் கதவுகள் சாத்தப்படும், அவ்வளவுதான். சாக்கடை அடைத்துக்கொண்டாலும் கம்பெனிதான், கருவாடு கெட்டுப்போனாலும் கம்பெனிதான். வகுப்பில் எவனாவது காற்றுப் பிரித்துவிட்டுக்கூட ஜன்னலைக் காட்டிக் கம்பெனி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான், நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கும் வழக்கமே எங்களிடம் இல்லாமல் போயிருந்தது.

நைனாவுக்கு அவருடைய கிரேன்மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. ஆலைக் கூரைக்குக் கீழே, சுவருக்குச் சுவர் ஓடும் தண்டவாளத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டுதான் அவர் உட்காரும் இடம். இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். கீழே நெருப்புக்குழம்பு போகும், மேலே இவர் விசையைத் தள்ளினால் நகரும், இழுத்தால் நிற்கும். அவருடைய அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் எளாவூரைச் சுற்றியிருந்த வயல்களில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். "எங்கப்பன், பாட்டன் எல்லாம் குனிஞ்சிக்கினே செத்தாங்க. குந்திக்கினு வேலை செய்யறது எங்க வம்சத்துல நான்தான் மொதல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த நாற்காலியை அவர் வேலையாகப் பார்க்கவில்லை, தான் வாங்கிய வீடு நிலம் மாதிரி பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஐப்பசியில் நைனாவின் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். நைனாவுக்கு சர்க்கரை ஏறிக்கிடந்தது. மாத்திரை கொடுத்த டாக்டர், ஓராண்டு பார்ப்போம் என்றும், அடுத்த சோதனையிலும் இப்படியே இருந்தால் மயக்கம் வரக்கூடிய ஆளை உயரத்தில் ஏற்ற முடியாது, கிரேனிலிருந்து இறங்கி யார்டில் வேலை பார்க்க வேண்டியதுதான் என்றும் சொல்லியனுப்பினார். யார்டு என்றால் வெயிலில் குனிந்து இரும்புக்கழிவு பொறுக்கும் வேலை. நைனா அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "மறுபடியும் குனியச் சொல்றானுங்கடி" என்றுதான் அம்மாவிடம் முதலில் சொன்னார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கம்பெனியின் முதலுதவி அறையில் இருந்த நர்ஸம்மா நல்ல மனுஷி. அம்மாவை வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது மேல்தோலோடு சத்தெல்லாம் போய்விடுகிறது. நார்ச்சத்து, பி வைட்டமின், நல்ல எண்ணெய் எல்லாம் அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது. தவிடு நீங்காத அரிசி வயிற்றில் மெதுவாகக் கரையும், அதனால் சர்க்கரை தடாலென்று ஏறாது. அதையும் தட்டு நிறையப் போடாமல் அரிசிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ காய்களைச் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தால் வயிறும் நிறையும், சர்க்கரையும் அடங்கும். அம்மா வீட்டுக்கு வந்து எனக்கு அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்துக்காட்டினாள். நர்ஸம்மா சொன்னதில் இன்றுவரை ஒரு தப்பும் கிடையாது. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, அது பின்னால்தான் தெரிந்தது.

கடைகளில் அந்த அரிசி அப்போது எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. அம்மாவின் பிறந்த ஊர் திருப்பாச்சூருக்குப் பக்கத்தில். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நடவுக்குப் போன வீட்டு நிலக்காரம்மா ருக்குமணியம்மா அப்போதும் நன்றாக இருந்தார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, உமியை மட்டும் நீக்கிய அரிசி கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். ருக்குமணியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி கன்னியம்மா, நல்லா தீட்டின அரிசிய மூட்டையா தர்றேன்னாலும் வேணாம்ன்ற, மாட்டுக்கு வைக்கிறத கேக்கற" என்றார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்களைச் சாப்பிடவைத்து, ஊர் மில்லில் சொல்லி உமி மட்டும் எடுக்கச் செய்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை அம்மா போய் ஒரு பை வாங்கி வருவாள்.

நைனாவுக்கு அந்த அரிசியின் நிறத்தைப் பார்த்ததுமே முகம் சுருங்கியது. சின்ன வயதில் கூலியாக அளந்த நெல்லை வீட்டிலேயே குத்தி, பாதித் தவிட்டோடு கஞ்சி வைத்துக் குடித்தவர் அவர். வெள்ளைவெளேரென்ற சோறு நிலக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், எல்லோரும் எழுந்த பிறகு கொல்லைப்பக்கம் கிடைத்தால் உண்டு. "இத்த துன்னாம இருக்கத்தானேமே கம்பெனிக்கு வந்தேன்" என்று அம்மாவிடம் முனகினார். அம்மா அசரவில்லை. அப்படியானால் யார்டுக்குப் போய்க் குனி என்று சொல்லிவிட்டு உலையை ஏற்றினாள். அவளுக்கு நைனாவை எங்கே தட்ட வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

அவள் அதைச் செய்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரவே அரிசியைக் கழுவி ஊறப்போட்டுவிடுவாள். விடிந்ததும் கடுகு, சீரகம் தாளித்து, வெங்காயம் வதங்கும்போதே காய்களைப் போட்டு, ஊறின அரிசியைக் கொட்டி, வெள்ளை அரிசிக்கு வைப்பதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி, அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் குளிக்கப் போவாள். காய்கள் எளாவூர் செக்போஸ்ட் பக்கமிருந்து வரும். ஆந்திராவிலிருந்து வருகிற லாரிகள் அங்கே வரிசைகட்டி நிற்கும்போது சாலையோரத்தில் சல்லிசாக விற்பார்கள், அம்மா வேலை முடிந்து சுற்றிக்கொண்டு போய் வாங்கிவருவாள். அந்தச் சாதம் நைனாவுக்கு மட்டும்தான். மூன்று பேருக்கும் ஆக்கினால் ஒரு பை அரிசி ஒரு வாரம் வராது. நானும் அம்மாவும் ரேஷன் அரிசிச் சோற்றில் அதே காய்களைப் பிசைந்து சாப்பிட்டோம். ஆனால் டப்பாவை மூடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வாய் கிடைக்கும். மெல்ல மெல்ல ஒருவிதமான இனிப்பு வரும். நன்றாகவே இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

அக்கம்பக்கத்தில் கேலி இல்லாமல் இல்லை. "முனிரத்தினத்துக்கு தவுட்டரிசியாம், இன்னும் கொஞ்ச நாள்ல பருத்திக்கொட்டையும் வெப்பா" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் பொங்கல் கழிந்து சும்மா ஒருமுறை ரத்தம் பார்த்தபோது சர்க்கரை கணிசமாக இறங்கியிருந்தது. டாக்டர் நைனாவின் தோளைத் தட்டி, இதையே விடாமல் செய், உன் கிரேன் உனக்குத்தான் என்றாராம். அன்று நைனா எனக்குப் பக்கோடா வாங்கி வந்தார். தான் ஒன்றுகூட எடுக்காமல் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு சந்தோஷமாக இருந்த காலம் என்று கேட்டால் நான் அந்தத் தை மாதத்தைத்தான் சொல்வேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். தை அறுவடை முடிந்த கையோடு ருக்குமணியம்மாவிடம் சொல்லி, ஆண்டு முழுமைக்கும் ஆகிற மாதிரி மொத்த நெல்லையும் ஒரே தடவையில் உமி நீக்கி அரிசியாக்கிக் கொண்டுவந்துவிட்டாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கம்பெனியிலிருந்து வந்த நீல டிரம் ஒன்று தண்ணீருக்கு இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. பல ஆண்டுகளாகக் குடிதண்ணீர் பிடித்து வந்த டிரம்மைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் வேப்பிலையும் நடுவில் வசம்பும் போட்டு அரிசியைக் கொட்டி மூடினாள். ஆனி வரைக்கும் பழையபடி மாதம் ஒரு பை வாங்கி ஓட்டுவது, இது ஆடி வரைக்கும் திறக்கப்படக் கூடாது என்பது அவள் கணக்கு. "புது அரிசி குழையும், சர்க்கரைய ஏத்திடும். பழசாவட்டும். பழசாவ பழசாவ நல்லது" என்றாள்.

அது அவள் கண்டுபிடித்தது இல்லை. பழைய அரிசிதான் ஒசத்தி என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உதிரியாக வரும், வயிற்றுக்கு லேசாக இருக்கும், கடையிலும் பழசுக்குத்தான் மதிப்பு. ருக்குமணியம்மா வீட்டில் அரிசியைப் பழசாக்கி வைத்துச் சாப்பிடுவதை அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். ஆனால் அங்கே பழசாகக் கிடந்தது நெல்லும் வெள்ளை அரிசியும். எங்கள் ஆட்கள் வீட்டில் அதுவும் இல்லை. அன்றைய கூலி அன்றைய உலைக்கு என்று இருந்தவர்கள், ஒரு மூட்டை அரிசியைப் பல மாதம் வைத்திருந்து பார்த்தவர்கள் எங்கள் வம்சத்தில் யாருமே கிடையாது. வைத்திருந்தால்தானே எது பழசாகும், எது கெட்டுப்போகும் என்பது தெரியும்? முதல்முறையாகக் கொஞ்சம் வசதி வந்தபோது அம்மா பணக்கார வீட்டில் பார்த்ததைத் தன் வீட்டில் செய்து பார்த்தாள்.

ஆடி பிறந்ததும் அம்மா ஒரு நல்ல நாள் பார்த்து டிரம்மைத் திறந்தாள். வண்டு ஒன்றுகூட விழவில்லை. கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, எப்படிக் கண்ணாடி மாதிரி கிடக்கிறது பார் என்று என்னிடம் காட்டினாள். எனக்கு அதிலிருந்து ஒரு வாடை வந்தது. பழைய எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் மூடிவைத்துத் திறந்தால் வருமே, அப்படி. சமைத்த பிறகு அது இன்னும் தூக்கலாக இருந்தது. எனக்குத் தரும் ஒரு வாயை வேண்டாம் என்றேன். "அம்மா, சோறு ஒருமாதிரி நாறுதும்மா" என்றேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டே தெருவைப் பார்த்தாள். "காத்து திரும்பிக்கினு கீது. அந்தக் கதவ சாத்து" என்றாள். நானும் சாத்தினேன். மறுநாளும் சொன்னேன், மறுநாளும் அதே பதில்தான் வந்தது. அந்த ஆடிக் காற்றில் கம்பெனி வாடை உண்மையாகவே அதிகமாகத்தான் இருந்தது. சில நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நைனாவுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அவர் சோற்றைக் குறை சொல்லும் வழக்கம் இல்லாதவர். உப்பு இல்லாவிட்டாலும் கேட்க மாட்டார், தீய்ந்திருந்தாலும் வழித்துச் சாப்பிடுவார். பட்டினி கிடந்து வளர்ந்தவர்கள் பலர் அப்படித்தான். அதோடு, தனக்காக ஒருத்தி இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கிவந்து, தான் ஒரு வாய்கூடப் போட்டுக்கொள்ளாமல் எடுத்துவைக்கிற அரிசி அது. அதைப் போய் எப்படி நாறுகிறது என்று சொல்வது? முதலில் மருந்து என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறார். வயிற்றைக் கலக்கியிருக்கிறது. பிறகு விழுங்க முடியவில்லை. மாலையில் டப்பா காலியாகத்தான் வரும், அம்மா அதைப் பார்த்து மகிழ்ந்துபோவாள். கிரேன் கூண்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார்.

புரட்டாசியில், அடுத்த ரத்தச் சோதனைக்கு நாள் குறித்திருந்த வாரத்தில், மதியம் தாண்டிய நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நைனா கீழே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறும்போது பாதியில் கை தளர்ந்து விழுந்துவிட்டார் என்றார்கள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. அங்கிருந்த இளம் டாக்டர், சர்க்கரை ஏறி மயங்கவில்லை, இறங்கி மயங்கியிருக்கிறார், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாரா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா கோபமாகவே பதில் சொன்னாள்: தினமும் கட்டிக்கொடுக்கிறேன், தினமும் டப்பா காலியாக வருகிறது என்று.

அன்று சாயந்திரம் நைனாவோடு வேலை செய்யும் சாலமோன் மாமா அவருடைய பையை எடுத்துக்கொண்டு வந்தார். பையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். அம்மா அதிலிருந்து டப்பாவை எடுத்தாள், கனமாக இருந்தது. திறந்தாள். காலையில் அடைத்தது அடைத்தபடி, மேலே வைத்த கொத்தமல்லிகூடக் கலையாமல் இருந்தது. சாலமோன் மாமா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அண்ணன் ரொம்ப நாளா இத துன்றதில்லக்கா. எடைமேடைகிட்ட நாய்ங்களுக்குக் கொட்டுவாரு. அதுங்களும் மோந்துட்டுப் போய்டும். உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு" என்றார்.

அம்மா டப்பாவைத் தன் மூக்கருகே கொண்டுபோனாள், ஒன்றும் தெரியாமல் இறக்கினாள். பிறகு அதை என் முகத்துக்கு நேராக நீட்டி, மோந்து பார் என்றாள். நான் மோந்து பார்த்தேன். அதே வாடைதான் என்றேன். அம்மா ஆஸ்பத்திரி நடையில் இங்கும் அங்கும் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மரமும் சுவரும் பஸ் போகிற சாலையும்தான் இருந்தன.

"இங்க ஏதுடி கம்பெனி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழுதாளா என்று எனக்கு நினைவில்லை. டப்பாவை மூடி, பழையபடி பைக்குள் வைத்து, பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். மறுநாள் நைனாவுக்கு நினைவு தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது, "சாப்ட்டுட்டுத்தான் ஏறினேன்மே. படியில எண்ணெ கீது, வழுக்கிடுச்சி" என்பதுதான். அம்மா அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டே, ஆமாம், எண்ணெய்தான் என்றாள். அவருக்காக அவள் ஒரு பொய்யை ஏற்றுக்கொண்டாள், அவளுக்காக அவர் சொன்ன பொய் அது. இருவரும் அதைக் கடைசிவரை உடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை டிரம்மில் மிச்சமிருந்த அரிசியை ரயில் பாதையோரப் பள்ளத்தில் கொட்டியதுதான். ஆடுகள் வந்து முகர்ந்துவிட்டுப் போயின. டிரம் கம்பெனியுடையதாச்சே, அதில் மருந்து ஏதாவது ஒட்டியிருந்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கள் தெருவில் யாருக்குமே குற்றத்தைக் கம்பெனிமேல் போடாமல் இருக்க முடியாது. அம்மா டிரம்மை மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தாள். நைனாவை ஆட்டோவிலிருந்து இறக்கித் தூக்கிவரும்போது அவர் கண் அந்தக் கவிழ்ந்த டிரம்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

கிரேன் வேறொருவருக்குப் போயிற்று. கம்பெனி கொஞ்ச நாள் சம்பளம் கொடுத்தது, பிறகு நின்றுபோனது. நைனாவால் நேராக நிற்கவே முடியவில்லை, கோலை ஊன்றிக் குனிந்துதான் நடந்தார். அம்மா அவருக்கு அதன்பிறகு தவிட்டரிசி சமைக்கவில்லை. எந்த அரிசி நல்லது என்று யார் சொன்னாலும் கேட்கிற நிலையில் அவள் இல்லை. அவர் ஆசைப்பட்ட வெள்ளைச் சோறு கடைசியில் அவருக்குத் தினமும் கிடைத்தது. சர்க்கரை ஏறியது, காலில் புண் வந்தது, ஆறவில்லை. நான் பன்னிரண்டாவது எழுதிய கோடையில் போய்ச் சேர்ந்தார்.

நர்ஸம்மா சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியவந்தது வெகுநாள் கழித்து. திருவள்ளூரில் இயற்கை உணவுக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, நான் பக்கத்தில் நிற்கும்போது தவிட்டரிசி கேட்ட ஒருத்தியிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, உமி போனதும் அதில் காற்றுப் பட்டுச் சில மாதத்திலேயே காறிப்போய்விடும், கொஞ்சமாக வாங்கு, வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில் வை. நெல்லாக வைத்தால் கிடக்கும், வெள்ளை அரிசியாக வைத்தாலும் கிடக்கும், நடுவில் உள்ள இதுதான் கிடக்காது என்றார். எந்தச் சத்துக்காக அம்மா அவ்வளவு பாடுபட்டாளோ அந்தச் சத்து இருக்கிற இடமேதான் முதலில் கெடுகிற இடமும். இதை ஒருவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும். யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். நான் அந்தக் கடை வாசலிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை, இடித்து லாரி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். நைனா ஓட்டிய கிரேன் இருந்த ஆலை கைமாறி, வேறு பெயரில், உள்ளே வேறு ஏதோ செய்கிறார்கள். பொதுவிலும் காலம் மாறியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி அதே தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. அங்கே கேன்டீனில் வாரத்தில் ஒருநாள் "ஹெல்தி லஞ்ச்" என்று தவிட்டரிசியில் காய்கறி சாதம் போடுகிறார்கள். அதில் என்னென்ன சத்து இருக்கிறது என்று வண்ணப் பலகையும் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் மாட்டுத்தீனி என்று சிரித்ததைப் பெரிய பெரிய அதிகாரிகள் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். நான் அன்றைக்கு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக அவளுக்கும் சர்க்கரை. டாக்டர் அதே அரிசியைத்தான் சொன்னார், அதே காய்களைத்தான் சொன்னார். நான் சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். அம்மா பழைய கைப்பக்குவத்தோடு சமைக்கிறாள். ஆனால் ஒரு வாய் எடுப்பதற்கு முன்னால் குண்டானைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே இருந்தாலும் அங்கே வந்து என் முகத்துக்கு நேராக நீட்டுவாள். "மோந்து பாரு" என்பாள். நான் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிட்டு நீட்டுவாள். நான் வீட்டில் இல்லாத நாளில் அவள் அதைச் சமைப்பதே இல்லை. அன்றைக்கு ஒரு சின்னப் பெண் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்கு, தினமும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. நானும் அலுத்துக்கொள்ளாமல் மோந்து பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

போன மாதம் என்னோடு படித்த தோழி ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இந்த நாற்றத்தில் குடியிருக்கிறாய் என்று கேட்டாள். நான் வெளியே வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அவள் போன பிறகு அடுப்பங்கரைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோல லேசாக இருந்தது. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

இன்று காலையும் அவள் குண்டானோடு வந்தாள். ஆவி என் முகத்தில் சூடாகப் பட்டது. கேரட்டும் பீன்ஸும் கண்ணுக்குத் தெரிந்தன. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

"நல்லாத்தான் கீதும்மா" என்றேன். அவள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.